பழைய டீசல் பிக்கப்பின் ஆயில் கசிவுக்கு யூ.வி. டை கிட்: வாங்கலாமா?

கியர்பாக்ஸை இறக்க ஒப்புக்கொள்வதற்கு முன்னால் இந்த கிட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். கிட்டில் மிக நல்ல பொருளும் இருக்கிறது, உடனே மாற்ற வேண்டிய பொருளும் இருக்கிறது. தவிர, டீசல் இன்ஜினில் இதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் பாட்டில் உறையில் எழுதப்படவே இல்லை.

உள்ளே இருப்பவை மூன்றே பொருள்கள். ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் ஒரு சின்ன பாட்டில், பேனா தடிமனில் ஒரு யூ.வி. டார்ச், கண்ணில் மாட்டிக்கொள்ள ஒரு மஞ்சள் கண்ணாடி. சாயத்தை இன்ஜின் ஆயிலில் ஊற்றிவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். ஆயில் எந்த வழியாக வெளியே வருகிறதோ அந்த வழியாகச் சாயமும் வரும். இருட்டில் டார்ச் அடித்தால் அந்த இடம் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையாகப் பளிச்சென்று தெரியும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகத் திருப்பித் தருவதுதான் அந்தச் சாயத்தின் வேலை. ஏசி மெக்கானிக்குகள் கேஸ் கசிவைத் தேட வைத்திருக்கும் அதே முறை. ஆனால் ஏசிக்கான சாயம் வேறு, இன்ஜின் ஆயிலுக்கானது வேறு. கூலண்டுக்கு இன்னொரு வகை, அது தண்ணீரில் கரைவது. வாங்கும்போது உறையில் இன்ஜின் ஆயிலுக்கு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

என் பிக்கப் இருபது வயதைத் தாண்டியது. 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லை, புஷ்ராட் வைத்த பழைய அமைப்பு. நாற்றுத் தட்டுகளும் உர மூட்டைகளும் ஏற்றுகிற வண்டி, சும்மா நிற்கும் நாள் குறைவு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடிப்பாகத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. அடியில் படுத்துப் பார்த்த எல்லாருமே ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “ரியர் மெயின் சீல் போயிடுச்சு தம்பி, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.” கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல்தான் ரியர் மெயின். சீல் என்னவோ ஒரு ரப்பர் வளையம்தான். ஆனால் அதைத் தொட வேண்டும் என்றால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் வெளியே வர வேண்டும். இத்தனையையும் ஒரு ஊகத்தை நம்பிக் கழற்ற எனக்கு மனமில்லை. அதனால்தான் கிட் வாங்கினேன்.

ஊகம் ஏன் இங்கே இவ்வளவு சுலபமாகப் பொய்த்துப்போகிறது என்றால், கசிந்த ஆயில் கசிந்த இடத்திலேயே நிற்பதில்லை. மேலிருந்து கீழே வழிகிறது. வண்டி ஓடும்போது காற்று அதை முன்னிருந்து பின்னால் தள்ளுகிறது. அதனால் இன்ஜினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் அது வந்து சேரும் இடம் பின்பக்கம், கீழே, அதாவது பெல் ஹவுசிங்கின் அடி. ராக்கர் கவரின் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மூடும் மூடி) பின்மூலையில் கசிந்தாலும் சொட்டு அங்கேதான் விழும். இன்ஜினின் உடலான பிளாக்கின் பின்முகத்தில் இருக்கும் கேம் ஷாஃப்ட் பிளக் கசிந்தாலும் அங்கேதான். கியர்பாக்ஸின் முன் சீல் போனாலும் அங்கேதான். தரையில் விழும் சொட்டை வைத்துக் காரணம் சொல்லவே முடியாது. ஈரம் தொடங்கும் உயரமான இடம், முன்னால் இருக்கும் இடம், இரண்டையும் தேட வேண்டும். பல வருடத் தூசியும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாகிப்போன இன்ஜினில் அதைச் சாதாரண டார்ச்சால் தேடி ஒன்றும் ஆகாது.

சரி, பயன்படுத்திய விதத்துக்கு வருகிறேன். உறையில் ‘ஊற்றுங்கள், ஓட்டுங்கள், பாருங்கள்’ என்று மூன்று படம் போட்டிருக்கிறார்கள். முதலில் கழுவ வேண்டும் என்பது அதில் இல்லை. இந்த கிட்டின் வெற்றி தோல்வி பாதிக்கு மேல் கழுவுவதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பழைய ஆயில் படலத்தில் சாயம் கலந்த புது ஆயில் பட்டால் அது படலம் முழுக்கப் பரவி எல்லாமே மங்கலாக ஒளிரும். கசியும் இடம் எது, வழியும் இடம் எது என்று பிரிக்க முடியாது.

டீகிரீசரை அடித்து, ஊறவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் மூலைகளைத் தேய்த்து, அப்புறம் கழுவினேன். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான டீசல் பம்ப் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சவே கூடாது. உள்ளே மயிரிழையை விட மெல்லிய இடைவெளியில் ஓடும் பாகங்கள் இருக்கின்றன. வெளிக்கூடு சட்டென்று சுருங்கினால் உள்ளே இறுகிவிடும். ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். பிரஷர் வாஷரின் முனையை எந்த சீலுக்கும் நேராகக் காட்டாதீர்கள். ராக்கர் கவரைச் சுற்றி, ஹெட்டின் பின்முகம், ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு) பக்கம் கை நுழையாத அந்த இடுக்கு, இவற்றுக்கு அதிக நேரம் கொடுங்கள். கடைசியில் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் காய்ந்த துணியால் துடைத்தால், கேஸ்கெட் (பேக்கிங்) விளிம்புகள் பழையபடி தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்து அளவு. நாலு லிட்டர் ஆயிலுக்கு 30 மில்லி என்று என் பாட்டிலில் போட்டிருந்தது. பெட்ரோல் இன்ஜினுக்கு அது சரியாக இருக்கும். டீசலில் ஆயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கரி கலந்து ஆயில் கறுத்துப்போகும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்தக் கரி யூ.வி. கதிரையும் விழுங்குகிறது, சாயம் திருப்பித் தரும் ஒளியையும் விழுங்குகிறது. ஆகவே கிட்டைப் பயன்படுத்தச் சிறந்த நேரம் ஆயில் மாற்றிய உடனே. புது 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றும்போதே அதோடு சாயத்தையும் ஊற்றிவிடுங்கள். ஆயில் ஏற்கெனவே கறுத்திருந்தால் சாயத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும். பெரிய டீசல் பிக்கப்களுக்கு இன்னொரு கணக்கு. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் மாதிரி இன்ஜின் சுமார் 14 லிட்டர் ஆயில் பிடிக்கும். அதற்குச் சின்ன பாட்டில் ஒன்று எந்த மூலைக்கும் போதாது.

சாயத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆயிலில் சுலபமாகக் கலந்தது. இன்ஜினின் சத்தத்திலோ ஆயில் பிரஷரிலோ எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்த ஆயில் மாற்றம் வரை உள்ளேயே இருக்கலாம், அதற்காகத் தனியாக ஆயிலை வடிக்க வேண்டியதில்லை. இந்த கிட்டின் மதிப்பெல்லாம் இந்த பாட்டிலில்தான்.

டார்ச்தான் ஏமாற்றம். கிட்டோடு வருவது 395 நானோமீட்டர் எல்.இ.டி. அந்த அலைநீளம் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், டார்ச் அடித்தவுடன் இன்ஜின் முழுக்க ஊதாவாகத் தெரியும். அலுமினியப் பாகங்கள் அந்த ஊதாவை அப்படியே திருப்பி அடிக்கும். மெல்லிய கசிவு அதற்குள் காணாமல் போய்விடும். 365 நானோமீட்டர் டார்ச், அதுவும் முன்னால் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி வைத்தது என்றால், சுற்றிலும் இருட்டாக இருக்க சாயம் மட்டும் தெரியும். நான் அப்படி ஒன்றைத் தனியாக வாங்கி, ஒரே மூலையை இரண்டு டார்ச்சாலும் பார்த்தேன். ராக்கர் கவர் விளிம்பில் கிட் டார்ச் காட்டாத ஒரு மெல்லிய கோட்டை 365 தெளிவாகக் காட்டியது. மஞ்சள் கண்ணாடி இரண்டுக்குமே தேவை. அது ஊதாவைக் குறைத்துச் சாயத்தின் நிறத்தை எடுத்துக்காட்டும், கண்ணுக்கும் பாதுகாப்பு. யூ.வி. டார்ச்சை நேராகக் கண்ணில் அடிக்காதீர்கள், பக்கத்தில் குழந்தைகள் நின்றால் கூடுதல் கவனம் வேண்டும். இன்னொரு குறை, டார்ச் நேராக நீண்டு நிற்கிறது, வளையாது. இன்ஜினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் பார்க்க முகம் பார்க்கும் சின்ன கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிறம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யூ.வி. வெளிச்சத்தில் ஒளிர்வதெல்லாம் உங்கள் சாயம் ஆகாது. பச்சைக் கூலண்டில் பெரும்பாலும் அதன் தயாரிப்பிலேயே ஒளிரும் சாயம் இருக்கும், அதுவும் பச்சையாகவே மின்னும். டீசல் நீலமாக ஒளிரும். சில ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்களும், அவற்றையே பயன்படுத்தும் பவர் ஸ்டீயரிங்கும் தாங்களாகவே ஒளிரும். இதற்கு வழி, சாயம் ஊற்றுவதற்கு முன்பே கழுவிய இன்ஜினை ஒரு முறை யூ.வி. டார்ச்சால் பார்த்துவைப்பது. எது ஏற்கெனவே ஒளிர்கிறது என்று தெரிந்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. டீசல் பம்ப் பக்கத்தில் நீலம் தெரிந்தால் ரிட்டர்ன் லைனையும் ஒரு பார்வை பாருங்கள். நாம் ஆயில் என்று நினைத்துக்கொண்டிருப்பது சில நேரம் டீசலாக இருக்கும்.

ஊற்றியாயிற்று. முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டுப் பார்த்தேன், எதுவும் தெரியவில்லை. இதில் வியப்பில்லை. ஆயில் சூடாகி இளகி, இன்ஜின் சுமை இழுத்து, உள்ளே காற்றழுத்தம் கூடும்போதுதான் பல கசிவுகள் தலைகாட்டும். வழக்கமான சுமையோடு ஓட்டிவிட்டு, இருட்டியதும் பானெட்டைத் திறந்தேன்.

ராக்கர் கவரின் பின்மூலை, வலது பக்கம். கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் தொடங்கிய பச்சைக் கோடு ஹெட்டின் பின்முகத்தில் இறங்கி, பிளாக்கில் வழிந்து, பெல் ஹவுசிங்கின் மேல் விளிம்பில் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடி, அடியில் சேர்ந்து சொட்டாக நின்றது. அந்தப் பாதையை விரலால் தொடர்ந்து போக முடிந்தது. அப்புறம் வண்டியின் அடியில் போய் பெல் ஹவுசிங்கின் ஆய்வுத் துளை மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தேன். ஃப்ளைவீலின் பின்னால் தெரிந்த வரைக்கும் பச்சை எங்கும் இல்லை. ரியர் மெயின் கசிந்திருந்தால் ஒளிர வேண்டிய இடம் அதுதான், வெளிப்புறம் அல்ல. எல்லாரும் குற்றம் சாட்டிய சீல் நன்றாகவே இருந்தது. கியர்பாக்ஸ் இறங்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இந்த கிட்டை யாருக்கும் மனதாரச் சொல்வேன்.

இதில் இன்னொரு நன்மையையும் பலர் யோசிப்பதில்லை. சொட்டு ஒளிரவே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். சாயம் இன்ஜின் ஆயிலில் மட்டும்தானே இருக்கிறது? பெல் ஹவுசிங் அடியில் ஈரம் இருந்தும் அது மின்னவில்லை என்றால், அது கியர்பாக்ஸின் முன் சீலிலிருந்து வரும் கியர் ஆயிலாக இருக்கலாம், கிளட்ச் சிலிண்டரின் ஆயிலாகவும் இருக்கலாம். அப்போது இன்ஜினில் எதையும் தொடத் தேவையில்லை.

இரண்டாவது ஒரு கசிவும் தெரிந்தது, அது நான் தேடாதது. ஆல்டர்நேட்டரின் பின்னால் இருக்கும் வாக்வம் பம்ப். பெட்ரோல் வண்டியில் உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் இருப்பதால் இன்டேக் பக்கத்திலேயே வெற்றிடம் கிடைத்துவிடும், பிரேக்கை மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டர் அதைக் கொண்டு வேலை செய்யும். பழைய டீசலில் த்ராட்டில் கிடையாது, அதனால் பிரேக்குக்காகத் தனியாக ஒரு வாக்வம் பம்ப். பல பழைய பிக்கப்களில் அது ஆல்டர்நேட்டரின் பின்முனையில் உட்கார்ந்திருக்கும், அதற்கு உயவு இன்ஜின் ஆயிலே. ஒரு ஹோஸ் வழியாக ஆயில் அழுத்தத்தோடு வரும், இன்னொன்றின் வழியாகச் சம்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பும். என் வண்டியில் திரும்பும் ஹோஸ் காய்ந்து கிளாம்புக்கு அடியில் வெடித்திருந்தது. அதைப் பார்த்தபோது இந்தக் கசிவு சும்மா தரையைக் கறையாக்கும் விஷயம் அல்ல என்று உறைத்தது. அழுத்தத்தோடு வரும் ஹோஸ் வெடித்திருந்தால் சம்பு சில நிமிடங்களில் காலியாகியிருக்கும், பேரிங் பிடித்திருக்கும். கூடவே பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடமும் இருந்திருக்காது. அத்தனை வயதான வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு ஹோஸையும் கையால் அழுத்திப் பாருங்கள். மரக்கட்டை மாதிரி இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும்போது ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர், ஹீட்டர் ஹோஸ் ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை. தண்ணீரில் வருடக்கணக்கில் உழைக்கும், ஆயில் பட்டால் ஊறி உப்பிக் கூழாகிவிடும்.

ராக்கர் கவர் வேலை சுலபம்தான். பழைய பேக்கிங் கார்க் வகை, காய்ந்து தகடாகியிருந்தது. இரண்டு பக்க விளிம்பையும் சுத்தமாகச் சுரண்டி, ஆயில் தடம் இல்லாமல் துடைத்து, புது ரப்பர் பேக்கிங் போட்டேன். இங்கே எல்லாரும் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யாதீர்கள், கசிகிறதே என்று போல்ட்டை இன்னும் இறுக்குவது. 6 மி.மீ. போல்ட் என்றால் பொதுவாக 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் கார்க் பிதுங்கி உடையும், தகரக் கவராக இருந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றி வளைந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விட்டுவிடும். சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்புவதும் வேண்டாம். உட்பக்கம் பிதுங்கிய துண்டு பின்னால் உதிர்ந்து சம்புக்குள் விழுந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் கசிவே மேல்.

வேறு இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்துமா என்றால், இன்னும் அதிகமாகப் பொருந்தும். 1994 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு 7.3 பவர்ஸ்ட்ரோக்கில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை அமுக்குவதே இன்ஜின் ஆயில்தான். அதற்காக 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை ஆயிலை ஏற்றும் ஒரு ஹைபிரஷர் பம்ப், வி வடிவ இன்ஜினின் நடுப்பள்ளத்தில் இருக்கிறது. அங்கே ஒரு ஓ ரிங் கசிந்தாலும், டர்போ பீடத்தின் ஓ ரிங் கசிந்தாலும் ஆயில் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, பெல் ஹவுசிங்கில் வந்து நிற்கும். பார்ப்பதற்கு அச்சு அசல் ரியர் மெயின். டாட்ஜ் ராமில் 1989 முதல் 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸ் 5.9-இல், பிளாக்கின் பக்கவாட்டில், டீசல் பம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் டேப்பட் கவர் பேக்கிங் பேர்போன கசிவு. வாக்வம் பம்பும் பவர் ஸ்டீயரிங் பம்பும் சேர்ந்த அந்தப் பகுதியும் அப்படித்தான். முன்பக்கம் டைமிங் கவரிலிருந்து பச்சை தெரிந்தால் அலட்சியம் வேண்டாம். உள்ளே டைமிங் கேஸைப் பொருத்தும் ஒரு டவல் பின் (பாகம் இடம் மாறாமல் பிடிக்கும் சின்ன உலோக முளை) இருக்கிறது. அது நகர்ந்து விழுந்தால் கவரை உடைக்கும், பல் சக்கரங்களுக்குள் சிக்கினால் இன்ஜினையே காவு வாங்கும். அந்த இன்ஜினில் டைமிங் கவரைத் திறக்கிற வேலை வந்தால் அந்தப் பின் வெளியே வராதபடி ஒரு தகடு வைத்துப் பூட்டிவிடுவது வழக்கம். டைமிங் பெல்ட் வைத்த டீசல்களில் முன்பக்கக் கசிவுக்கு இதே அவசரம் உண்டு. கிராங்க் சீல், கேம் சீல் வழியாக வரும் ஆயில் பெல்ட்டை நனைத்துக் கெடுத்துவிடும், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

இந்த கிட் சொல்லாத ஒன்று உண்டு, பழைய டீசலில் அதுதான் மிக முக்கியம். எங்கே கசிகிறது என்று காட்டும், ஏன் கசிகிறது என்று காட்டாது. பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த காற்று கீழே இறங்கி இன்ஜினின் அடிவயிற்றில் அழுத்தம் கூடும். அதை வெளியேற்றுவது பிரீதர். பிரீதர் குழாயோ அதன் வடிகட்டியோ கரியால் அடைத்திருந்தால், அந்த அழுத்தம் வேறு எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். நீங்கள் ராக்கர் கவரை அடைத்தால் டிப் ஸ்டிக் வழியாக வரும். அதையும் அடைத்தால் கிராங்க் சீல். டார்ச் அடிக்கும்போது ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் பச்சை தெரிந்தால், நாலைந்து பேக்கிங்கும் ஒன்றாகப் போயிருக்கும் என்று எண்ணாதீர்கள். முதலில் பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாயின் மேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாக ஆடினால் பழைய டீசலில் அது இயல்பு. தூக்கி எறிந்தால் ரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும், கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். டர்போ உள்ள இன்ஜினில் டர்போவின் சீல் வழியாகவும் அழுத்தம் இறங்கலாம். என் பிரீதர் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பேக்கிங் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே கசிந்திருக்கும்.

கடையில் இந்த கிட்டுக்குப் பக்கத்திலேயே ‘கசிவை நிறுத்தும்’ ஆடிட்டிவ் பாட்டிலும் வைத்திருப்பார்கள். இரண்டில் எதை வாங்குவது என்று என்னிடம் பலர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். அந்த பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது ரப்பரை ஊறவைத்து மென்மையாக்கும் திரவம். நைட்ரைல் ரப்பர் சீல் வெயிலும் சூடும் பட்டுக் காய்ந்து சுருங்கியிருந்தால், அது கொஞ்சம் உப்பி மறுபடி ஷாஃப்டைப் பிடிக்கும். அந்த ஒரு நிலைமையில் அது உண்மையாகவே உதவும், அதுவும் மெதுவாக. கிழிந்த சீலுக்கு உதவாது. கார்க் பேக்கிங், காகிதப் பேக்கிங், சிலிகான் இணைப்பு எதற்கும் உதவாது. ஷாஃப்டிலேயே சீல் உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் அதற்கும் உதவாது. என் வண்டியின் இரண்டு கசிவுக்கும் அது ஒன்றும் செய்திருக்காது, ஒன்று கார்க், மற்றது வெடித்த ஹோஸ். அதனால் எங்கே கசிகிறது என்று தெரியாமல் அதை ஊற்றுவது வீண். மெலிதாக ரியர் மெயின் கசிகிறது, வண்டிக்கு ஓய்வு கொடுக்க முடியாது, கிளட்ச் மாற்றும்போது சீலையும் மாற்றிக்கொள்கிறேன் என்பவர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். நல்ல நிலையில் இருக்கும் சீல்களும் அதே ஆயிலில்தான் ஊறுகின்றன என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கிட் உண்மையிலேயே ரியர் மெயினைக் காட்டிவிட்டால் கியர்பாக்ஸ் இறங்கத்தான் வேண்டும், அதில் தயக்கம் வேண்டாம். வழியும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் வண்டி ஏற்றத்தில் வழுக்கும். இறக்கியபின் இரண்டு விஷயம் பாருங்கள். புது சீல் டெஃப்ளான் வகையா, சாதாரண ரப்பர் வகையா? ரப்பர் உதட்டுக்குக் கொஞ்சம் ஆயில் தடவி ஏற்றலாம். டெஃப்ளான் சீலை, கம்மின்ஸ் 5.9-இன் ரியர் மெயின் அப்படிப்பட்டது, ஷாஃப்டை நன்றாகத் துடைத்துக் காய்ந்த நிலையில்தான் ஏற்ற வேண்டும். ஆயில் பட்டால் அது சரியாகப் படியாமல் திரும்பவும் கசியும். அடுத்து, கிராங்க் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் மாதிரி, 0.28 மி.மீ. மட்டுமே தடிமன் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறையை அங்கே மாட்டினால், அதே அளவு சீல் புதுப் பரப்பில் ஓடும். கிராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பத் தேவையில்லை.

வேலை முடிந்தபின் செய்ய வேண்டியதையும் உறையில் போடவில்லை. பழைய பச்சைத் தடத்தை முழுக்கத் துடைக்காமல் விட்டால் அடுத்த வாரம் டார்ச் அடிக்கும்போது அதுவே கசிவு மாதிரி தெரியும். துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, பச்சை எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் ஓட்டிப் பாருங்கள். சாயம் இன்னும் ஆயிலில் இருப்பதால் செய்த வேலை நின்றதா என்பதை அதே சாயம் சொல்லிவிடும். என் ராக்கர் கவரும் ஹோஸும் சுத்தமாக இருக்கின்றன, பெல் ஹவுசிங்கின் அடி காய்ந்துகிடக்கிறது.

எல்லாருக்கும் இந்த கிட் தேவையா? கசிவு முன்பக்கம் வெளிப்படையாகத் தெரிகிறது, டிரெயின் போல்ட்டின் வாஷர்தான், ஆயில் ஃபில்டர்தான், பிரஷர் ஸ்விட்ச்தான் என்று கண்ணாலேயே பார்க்க முடிகிறது என்றால் வேண்டாம். முதலில் அவற்றையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். கிட் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள், கழுவிக் காயவைத்த இன்ஜினில் சாதாரண முகப்பவுடரைத் தூவிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஈரம் பட்ட இடம் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். சாயம் அளவுக்குத் துல்லியம் இல்லை, காற்று தள்ளும் கசிவை அது பிடிக்காது, ஆனால் ராக்கர் கவர் கசிவை நன்றாகவே காட்டும்.

பெல் ஹவுசிங் அடியில் சொட்டு, அல்லது இன்ஜினின் ஒரு பக்கம் முழுக்க ஈரம், ஆரம்பம் எது என்று தெரியவில்லை என்றால் வாங்குங்கள். முடிந்தால் கிட்டாக வாங்காமல் ஆயிலுக்கான சாயத்தைப் பெரிய பாட்டிலாகவும், வடிகட்டி வைத்த 365 நானோமீட்டர் டார்ச்சைத் தனியாகவும் வாங்குங்கள். மஞ்சள் கண்ணாடி எந்த வகையானாலும் பரவாயில்லை. கிட் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அதையே வாங்கி, நல்ல இருட்டில் பாருங்கள். சாயத்துக்கு ஐந்துக்கு ஐந்து, டார்ச்சுக்கு இரண்டு.